எகிப்தின் கீரையும் நம் லீக்ஸ் பாத்தியும்



எண்ணாகமம் பதினோராம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் அழுதுகொண்டே நினைவுகூர்ந்த ஆறு உணவுகளை நீங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள். மச்சம், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெண்காயம், வெள்ளைப்பூண்டு. இவற்றுள் ஐந்து நமக்குத் தெளிவானவை. நான்காவதாக நிற்கும் கீரை எந்தக் கீரை என்று நாம் கேட்பதில்லை. கீரை என்றவுடன் நம் மனம் முளைக்கீரைக்கோ வல்லாரைக்கோ போய்விடுகிறது. ஆனால் ஆங்கில வேதாகமத்தில் அந்த இடத்தில் இருப்பது, நம் சபையாரில் பலர் வீட்டின் பின்புறப் பாத்தியில் வளர்க்கும் அதே லீக்ஸ்தான்.

நம் சமையலறையில் அன்றாடம் புழங்கும் ஒரு மரக்கறி வனாந்தரத்தின் முறுமுறுப்புக்குள் ஒளிந்திருக்கிறது. அதன் வரலாற்றைப் பின்தொடர்ந்து போனால், வேதத்தில் நாம் அவசரமாகக் கடந்துபோகும் சில வசனங்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்குகின்றன. ஆகவே இவ்வாரம் உங்களை ஒரு மரக்கறித் தோட்டத்துக்குள் அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பாருங்கள். எபிரெயத்தில் அது ‘ஹாத்சீர்’. இறையியல் கல்லூரியில் எபிரெயம் பயில்வோர் இதை ‘புல்’ என்றே முதலில் கற்றுக்கொள்வார்கள். ஏசாயா நாற்பதாம் அதிகாரத்தில் மாம்சமெல்லாம் எதற்கு ஒப்பிடப்படுகிறதோ அந்தப் புல் இதுவே. சங்கீதம் 103இல் மனுஷனுடைய நாட்களுக்கு உவமையாக வருவதும் இதுவே. பஞ்சகாலத்தில் ஆகாப் ராஜா தன் குதிரைகளுக்காகத் தேடி அலைந்ததும் இதுவே. எண்ணாகமத்தின் இந்த ஓரிடத்தில் மட்டும், வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் பக்கத்தில் நிற்பதால், அதற்கு வேறு பொருள் வருகிறது. கிறிஸ்துவுக்கு முன்னரே எபிரெய வேதத்தைக் கிரேக்கத்துக்கு மொழிபெயர்த்த யூத அறிஞர்கள் இவ்விடத்தில் லீக்ஸைக் குறிக்கும் ‘பிராசா’ என்ற சொல்லை இட்டார்கள். லத்தீன் வேதாகமமும் அவ்வழியே சென்றது. அந்த மொழிபெயர்ப்பாளர்கள் இருந்த இடம் எகிப்து. தங்கள் சந்தையில் அன்றாடம் கண்ட பொருளை அவர்கள் அறியாதிருக்க நியாயமில்லை.

அப்படியானால் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் தவறிவிட்டார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எகிப்தில் இன்றளவும் பயிரிடப்படும் லீக்ஸ் இனத்துக்கு ‘குர்ராத்’ என்று பெயர். நம் லீக்ஸைப்போல நீண்டு தடித்த வெண்தண்டு அதற்கு இல்லை. அது மெல்லிய இலைகளை அடர்த்தியாக விடும், அறுக்க அறுக்க மீண்டும் துளிர்க்கும், கட்டுக்கட்டாக விற்கப்படும். தூரத்திலிருந்து பார்த்தால் புல் திட்டுபோலவே இருக்கும். எபிரெயர் அதைப் புல் என்ற சொல்லால் அழைத்ததற்குக் காரணம் விளங்குகிறது அல்லவா? அறுத்து அறுத்து உண்ணும் இலையைத் தமிழில் கீரை என்றுதானே சொல்லவேண்டும்? லீக்ஸ் என்ற பெயரைக் கேட்டறியாத ஒரு தலைமுறைத் தமிழருக்கு இதைவிட நேர்மையான சொல்லைக் கொடுத்திருக்க முடியாது.

இனி விதையைப் பற்றிப் பேசவேண்டும், ஏனெனில் இந்த வரலாறு முழுவதும் விதையின் வேகத்தில் நடக்கிறது. லீக்ஸின் விதை கறுப்பாக, சிறிதாக, மூலைகளோடு இருக்கும். வெங்காய விதையிலிருந்து அதைப் பிரித்தறிவது அரிது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தால் அதன் முளைக்கும் திறன் குறைந்துபோகும். முளைத்து வருவது ஒரு பச்சை நூல். ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் பங்குனி, சித்திரை மாதங்களில் நாற்று மேடையில் விதைத்தால், அது பென்சில் பருமன் அடைவதற்கு ஆனி வந்துவிடும். பின்பு முனை மழுங்கிய ஒரு கம்பால் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி குத்தி, ஒவ்வொரு குழியிலும் ஒரு நாற்றை இறக்குவார்கள். குழியை மண்ணால் மூடுவதில்லை. தண்ணீரை மட்டும் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீர் இழுத்துவரும் மண்ணே வேரை மூடப் போதுமானது. செடி தடிக்கத் தடிக்கக் குழி தானாக நிரம்பும். அடித்தண்டுக்கு மண் அணைத்துவந்தால் வெளிச்சம் படாத பகுதி வெண்மையாகவும் மிருதுவாகவும் இருக்கும். இலையுதிர் காலத்திலிருந்து பனிக்காலம் முழுவதும், வேறு எதுவும் தோட்டத்தில் நிற்காதபோது, லீக்ஸ் பனிக்குள் நிமிர்ந்து நிற்கும். அறுக்காமல் விட்டால், குளிர்காலத்தைக் கண்ட பின்னர், இரண்டாம் ஆண்டில் நெஞ்சளவு உயரத்துக்குத் தண்டு எழும்பி, உருண்டைப் பூங்கொத்து விரித்து, விதை தரும்.

விதையிலிருந்து கறிவரைக்கும் ஏறத்தாழ அரையாண்டு. விதையிலிருந்து விதைவரைக்கும் ஒன்றரை ஆண்டு. எகிப்தின் குர்ராத்தும் ஓரிடத்தில் நிலைத்து நின்று, திரும்பத் திரும்பத் தண்ணீர் குடித்தே இலை விடும் பயிர்தான். மேகம் எழும்பும்போது கூடாரத்தைப் பிடுங்கிப் புறப்படும் ஒரு ஜனத்தால் இதை வளர்க்க முடியாது. மன்னா ஒவ்வொரு காலையும் விழுந்தது. மறுநாளுக்கென்று வைத்தால் புழுத்தது. லீக்ஸோ ஓரிடத்தில் தரித்திருக்கிறவனுக்கே கிடைக்கும். இஸ்ரவேலர் அழுதது நாவின் ருசிக்காக மட்டும் என்று பிரசங்கங்களில் நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். காலூன்றி நின்ற ஒரு மண்ணுக்கான ஏக்கமும் அதில் கலந்திருந்தது என்று நான் எண்ணுகிறேன். அதற்காக அவர்கள் பாவம் சிறிதாகிவிடாது. கிப்ரோத் அத்தாவா என்ற பெயர், இச்சையின் கல்லறைகள் என்ற பொருளோடு, அவ்வதிகாரத்தின் முடிவில் நிற்கிறது. ஆனால் அதே அதிகாரத்தில் மோசேயும் மனம் உடைந்து, தன்னைக் கொன்றுபோடும்படி கர்த்தரிடம் கேட்கிறார் என்பதையும் மறவாதிருங்கள். அங்கே களைத்துப்போகாதவர் ஒருவரும் இல்லை.

அந்தக் கீரையைக் கிரயமில்லாமல் சாப்பிட்டோம் என்றார்களே, அது மெய்யா? எகிப்தில் ஒரு பழைய நூல் உண்டு. கேத்தி என்பவர் தம் மகனுக்குச் சொல்லும் போதனையாக அமைந்த அந்நூல், எழுத்தர் தொழிலே உயர்ந்தது என்று நிலைநாட்ட மற்றெல்லாத் தொழில்களையும் இகழ்ந்து பேசுகிறது. பள்ளிச் சிறுவர்கள் அதைப் பலநூறு ஆண்டுகள் பிரதி எடுத்துப் பழகினார்கள். அதில் தோட்டக்காரனைப் பற்றிய பகுதி வருகிறது. அவன் தோளில் காவடி. அதனால் முதியவனைப்போல் தோள் கூனிவிட்டது. கழுத்தில் வீக்கம், அது சீழ் கட்டியிருக்கிறது. காலையில் ஒரு பாத்திக்கும் மாலையில் இன்னொரு பாத்திக்கும் தண்ணீர் சுமக்கிறான். எழுத்தர்கள் தங்கள் பெருமைக்காக மிகைப்படுத்தியிருக்கக்கூடும். ஆயினும் கழுத்துப் புண்ணை அவர்கள் கற்பனையில் கண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. பிற்காலத்தில் துலா வந்தது. இராமசேசு மன்னன் காலத்துக் கல்லறை ஓவியம் ஒன்றில், தோட்டக்காரன் துலாவை இழுத்துத் தண்ணீர் மொண்டு ஊற்றுவதை இன்றும் காணலாம்.

இப்பொழுது உபாகமம் பதினோராம் அதிகாரத்தின் பத்தாம் வசனத்தைத் திறந்து பாருங்கள். எகிப்திலே நீ விதையை விதைத்து, கீரைத்தோட்டத்துக்குச் செய்வதுபோல் உன் காலால் நீர் பாய்ச்சினாய் என்று மோசே நினைவூட்டுகிறார். வாய்க்காலின் மண்ணைக் காலால் தள்ளித் திறந்தும் அடைத்தும் பாத்திக்குப் பாத்தி நீர் விடும் வேலையை நம் விவசாயிகள் இன்றும் செய்கிறார்கள். வசனத்தின் பொருள் அவர்களுக்கு விளக்கமின்றியே புரியும். நீங்கள் போய்ச் சேரப்போகும் தேசம் அப்படிப்பட்டதல்ல, அது வானத்து மழையைக் குடிக்கும் தேசம் என்று மோசே தொடர்கிறார். கிரயமில்லாத கீரை என்று பிதாக்கள் சொன்னதற்கு இது ஏறத்தாழ 39 ஆண்டுகள் கழித்து வந்த பதில். அந்தக் கீரைக்கு நீங்கள் உங்கள் கால்களைக் கிரயமாகக் கொடுத்தீர்கள் என்பதை மோசே கோபமின்றி, ஒரு தோட்டக்காரனின் மொழியில் சொல்லிவிடுகிறார்.

இவ்விரண்டு இடங்களுக்கும் நடுவில் எண்ணாகமம் 20 இருக்கிறது. மிரியாம் மரித்த கையோடு, தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் மீண்டும் வாதாடுகிறார்கள். முதல் தலைமுறையில் பெரும்பாலோர் இதற்குள் வனாந்தரத்தில் விழுந்துவிட்டார்கள். இப்போது பேசுவோர் பிள்ளைகள். இவர்கள் கேட்பதைக் கவனியுங்கள். மச்சத்தையும் பூண்டையும் பற்றி இவர்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவற்றை இவர்களில் அநேகர் ருசித்ததே இல்லை. இது விதைப்புக்கு இடமில்லாத இடம், அத்தியும் திராட்சையும் மாதளையும் இல்லாத இடம் என்கிறார்கள். தகப்பன்மார் தாங்கள் தின்றதை நினைத்து அழுதார்கள். பிள்ளைகள் தங்களுக்கு விதைக்க நிலமில்லையே என்று அழுதார்கள். இரண்டையும் ஒரே முறுமுறுப்பு என்று எண்ணி நாம் கடந்துபோகலாகாது. இரண்டாவது அழுகையின்போது கர்த்தர் ஜனத்தைத் தண்டிக்கவில்லை. கன்மலையிலிருந்து தண்ணீர் கொடுத்தார். அன்று கடிந்துகொள்ளப்பட்டவர்கள் மோசேயும் ஆரோனுமே.

எபிரெய வேதத்தில் கீரைத்தோட்டம் என்ற சொற்றொடர், மோசே சொன்ன அதே வடிவில், இன்னொரு முறை வருகிறது. 1 இராஜாக்கள் 21. ஆகாப் ராஜா, நாபோத்தின் திராட்சத்தோட்டம் தன் அரமனைக்கு அருகில் இருப்பதால், அதைக் கீரைக்கொல்லையாக்கத் தரும்படி கேட்கிறார். நாம் இதை ராஜாவின் அற்ப ஆசை என்றே படித்துவந்தோம். உபாகமத்தின் வசனத்தைக் காதில் வைத்துக்கொண்டு படித்தால் வேறொன்று கேட்கும். திராட்சச்செடி தலைமுறைகளுக்கு நிற்கும் பயிர். பிதாக்களின் சுதந்தரத்தோடு பிணைந்தது. கீரை ஒரு பருவத்துப் பயிர். ஆள்வைத்து நீர் பாய்ச்சி அரமனைப் பந்திக்கு அறுப்பது. வாக்குத்தத்த தேசத்தின் நடுவில் ஒரு துண்டு எகிப்தைப் போட ஆகாப் விரும்பினார். அதற்காக நாபோத் கல்லெறியப்பட்டு மடிந்தார். கீரைக்கொல்லையில் குற்றமில்லை, அது எவருடைய நிலத்தில், எவருடைய தோளில் எழுப்பப்படுகிறது என்பதே கேள்வி.

பாபிலோனுக்கு வருவோம். அங்கும் லீக்ஸ் உண்டு, எகிப்தைப் போலவே பழமையாக. கிறிஸ்துவுக்கு முன் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த களிமண் பலகைகளில் எழுதப்பட்ட சமையல் குறிப்புகள் இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. குழம்புக்குக் குழம்பு லீக்ஸும் பூண்டும் சேர்த்து அரைத்துப் போடச் சொல்கின்றன. அக்காடிய மொழியில் அதன் பெயர் ‘கராஷு’. அதிலிருந்தே அரமேயத்தின் ‘கர்த்தி’யும் அரபியின் ‘குர்ராத்’தும் கிளைத்தன. எசேக்கியா ராஜா வியாதியிலிருந்து பிழைத்தபோது நலம் விசாரிக்க ஸ்தானாபதிகளை அனுப்பிய மெரோதாக் பலாதானை ஏசாயா 39இல் சந்தித்திருக்கிறீர்கள். அந்த ராஜாவின் தோட்டத்துச் செடிகளைப் பட்டியலிடும் களிமண் பலகை ஒன்று லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் 67 செடிகளின் பெயர்கள். பாத்தி பாத்தியாகப் பிரித்ததுபோல் தொகுக்கப்பட்டுள்ளன. பூண்டும் வெங்காயமும் லீக்ஸும் அதில் உண்டு. எசேக்கியாவிடம் தூதரை அனுப்பிய மனிதர், தம் வீட்டில் லீக்ஸ் பாத்திக்குக் கணக்கு வைத்திருந்தார் என்பது வரலாற்றின் சிறு குறும்பு.

அந்த நாட்டுக்கே, ஒரு நூற்றாண்டுக்குப் பின், யூதாவின் ஜனங்கள் சிறைப்பட்டுப் போனார்கள். எரேமியா அவர்களுக்கு எழுதிய நிருபத்தில் வீடுகட்டிக் குடியிருக்கவும், தோட்டங்களை நாட்டி அவற்றின் பலனை உண்ணவும் சொன்னார். எகிப்தின் தோட்டத்தை நினைத்து அழுததற்காகக் கடிந்துகொள்ளப்பட்ட ஜனத்துக்கு, பாபிலோனில் தோட்டம் போடும்படி கட்டளை! அந்நிய மண், அந்நிய வாய்க்கால், திரும்பிப்போக 70 ஆண்டுகள். ஆனால் இந்தமுறை நேற்றைய பாத்தியை நினைத்து அழச் சொல்லவில்லை. இன்றைய விதையைக் கையில் எடுக்கச் சொன்னார்.

யூதர்கள் லீக்ஸை மறக்கவில்லை. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் தொடக்கப் பக்கங்களிலேயே, காலை ஜெபத்தை எந்த நேரத்தில் தொடங்கலாம் என்ற விவாதம் வருகிறது. நீலத்தையும் வெள்ளையையும் பிரித்தறியும் வெளிச்சம் வந்தால் போதும் என்பது ஒரு கருத்து. ரபி எலியேசர் இன்னும் சற்றுக் காத்திருக்கச் சொல்கிறார்: நீலத்தையும் லீக்ஸின் பச்சையையும் பிரித்தறிய வேண்டும். விடிவதற்கு முன் உங்கள் பாத்தியோரம் நின்று பாருங்கள்; லீக்ஸ் இலையில் ஒரு நீலச்சாயை இருப்பதால், அந்தப் பச்சை பச்சையாகத் தெரிவதற்கு உண்மையிலேயே நேரம் பிடிக்கும். தோட்டம் போட்ட ஒருவரே இப்படி ஓர் அளவுகோலை நினைத்திருக்க முடியும். யூதர் புத்தாண்டுப் பந்தியில் ஆசீர்வாதம் கூறி உண்ணும் பொருள்களில் லீக்ஸும் ஒன்று.

ரோமரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நம் சபையின் முன்னோரைத் துன்புறுத்திய நீரோ மன்னன், பாடும் குரல் இனிமையாவதற்காக மாதத்தில் சில நாட்கள் எண்ணெயோடு லீக்ஸைத் தவிர வேறொன்றும் உண்ணவில்லை, அப்பம் கூட உண்ணவில்லை என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். சிறந்த லீக்ஸ் எகிப்திலிருந்தே வருகிறது என்றும் அவரே சொல்கிறார்.

ரோமப் பேரரசு சரிந்தபின் இந்த விதையைக் காத்தவர்கள் துறவிகள். பெனடிக்டின் ஒழுங்குமுறை நாற்கால் மிருகங்களின் மாம்சத்தை நோயாளிகளுக்கு மட்டுமே அனுமதித்தது. தோட்டம் மடத்தின் மதிலுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்றது. கைவேலையை ஜெபத்தின் பக்கத்தில் வைத்தது. சுவிட்சர்லாந்தின் சென் காலன் நூலகத்தில் 820களை ஒட்டி வரையப்பட்ட ஒரு மடத்தின் வரைபடம் இருக்கிறது. ஐந்து தோல்களைத் தைத்து ஒன்றாக்கி வரைந்தது. ஆலயம், பாடசாலை, கோழிக்கூடம் எல்லாம் அதில் உண்டு. மரக்கறித் தோட்டத்துக்கு 18 பாத்திகள்; ஒவ்வொன்றிலும் அதன் பயிரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. லீக்ஸுக்கும் ஒரு பாத்தி. பக்கத்தில் தோட்டக்காரருக்கு ஒரு வீடு. தோட்டத்தின் அருகிலேயே மடத்தின் கல்லறைத் தோட்டம். பழமரங்களின் நடுவே சகோதரர்களின் கல்லறைகள். விதைப்பையும் விதைக்கப்படும் சரீரத்தையும் பற்றி 1 கொரிந்தியர் 15ஐ வாசித்துவந்த மனிதர்கள் இவ்விரண்டையும் அருகருகே வரைந்ததில் எனக்கு வியப்பில்லை.

பழைய ஆங்கிலத்தில் மரக்கறித் தோட்டத்துக்கே ‘லேயாக்டூன்’ என்று பெயர். அதாவது லீக்ஸ் அடைப்பு. தோட்டக்காரர் ‘லேயாக்வேர்ட்’, லீக்ஸ் காவலர். அந்தச் சொல்லில் வெங்காய இனம் முழுவதும் அடங்கியிருந்தது. பூண்டுக்கான ஆங்கிலப் பெயரின் பொருளே ஈட்டி லீக்ஸ் என்பதுதான். இங்கிலாந்தில் லெய்ட்டன் என்ற ஊர்ப்பெயர்கள் அந்த அடைப்புகளின் எச்சம்.

வேல்ஸ் நாட்டுக்கும் லீக்ஸுக்கும் உள்ள உறவை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மார்ச் 1 அவர்களுடைய ஆயர் தாவீதின் நினைவுநாள். கி.பி. 589இல் அவர் மரித்தார் என்பது மரபு. அன்று லீக்ஸைச் சட்டையில் குத்திக்கொள்வார்கள். சில படைப்பிரிவுகளில் புதிதாகச் சேர்ந்த இளம் வீரர் ஒரு பச்சை லீக்ஸைக் கடித்துத் தின்னவேண்டும். அவர் லீக்ஸை உண்டு வாழ்ந்தார் என்று 1612இல் மைக்கேல் டிரேட்டன் என்ற ஆங்கிலக் கவிஞர் எழுதினார். போரில் அடையாளமாகத் தொப்பியில் லீக்ஸ் சூடிய கதையும் வழங்குகிறது. இவை பிற்காலத்தவை. பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் ரிகிவார்க் எழுதிய சரித்திரமே நமக்குப் பயன்படுவது. தாவீதின் மடத்தில் ஏரிழுக்க எருதுகள் இல்லை, சகோதரர்கள் நுகத்தைத் தங்கள் தோளில் வைத்துக்கொண்டு உழுதார்கள், அப்பமும் உப்பிட்ட கீரைகளும் உண்டார்கள், தண்ணீர் குடித்தார்கள். எகிப்தின் தோட்டக்காரன் தோளில் இருந்த மரமும் இவர்கள் தோளில் இருந்த மரமும் ஒரே எடை உடையவையாய் இருக்கலாம். ஒன்று சுமத்தப்பட்டது, மற்றொன்று விரும்பி ஏற்கப்பட்டது.

சுரங்கத் தொழிலாளரையும் சொல்லாமல் விடக்கூடாது. வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து, டர்ஹம் பகுதிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகின. சுரங்கக் கம்பனிக்குச் சொந்தமான வரிசை வீடுகள். நம் லயங்களைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் தோற்றம் அந்நியமாயிராது. பகல் முழுவதும் வெளிச்சம் காணாத அந்த மனிதர்கள், மாலையில் ஒரு சிறு துண்டு நிலத்தில் லீக்ஸ் வளர்த்தார்கள். ஆண்டுதோறும் போட்டி வைத்தார்கள். பருமனை அங்குலக் கணக்கில் அளந்தார்கள். உரத்தின் செய்முறையை மகனுக்கு மட்டுமே சொல்வார்கள். போட்டிக்கு முந்திய இரவுகளில் பொறாமையால் எவரும் செடியை வெட்டிவிடாதபடி பாத்தியோரம் விழித்திருப்பார்கள். வெட்டப்பட்டதும் உண்டு. அவர்களில் பலர் மெதடிஸ்ட் சபையினர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஜெபவீடு பொறாமையை முற்றாக அகற்றிவிடவில்லை. ஆயினும் அதே ஜெபவீடுகளில்தான் தொழிலாளர் பேசவும் கூட்டம் நடத்தவும் கணக்கெழுதவும் கற்றார்கள். சிறுவயதிலேயே சுரங்கத்துக்குள் இறங்கிய தாமஸ் பர்ட், அத்தகைய சபைக் குடும்பத்தில் வளர்ந்து, 1874இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் அமர்ந்தார்.

போட்டிக்கு வளர்ப்பவர்கள் விதையை நம்புவது குறைவு. பூங்கொத்தின் பூக்களை நீக்கிவிட்டால் அவ்விடத்தில் சிறு நாற்றுகள் துளிர்க்கும். அவற்றை எடுத்து நடுவார்கள். தாய்ச்செடியின் அச்சு மாறாது. பரிசு பெற்ற பருமன் அப்படியே தொடரும். விதையோ ஒவ்வொன்றும் சற்று வேறுபடும். பரிசுக்கு அது குறை. வீட்டுப் பாத்திக்கு அதுவே நலம் என்பேன். ஒன்று நோயில் விழுந்தாலும் இன்னொன்று நிற்கும்.

நம் மலைகளுக்கு ஐரோப்பிய மரக்கறிகள் வந்த வழி உங்களுக்குத் தெரியும். நோயிலிருந்து தேற நுவரெலியாவுக்கு வந்த சாமுவேல் பேக்கர், 1848இல் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் விதைகளையும் கொண்டுவந்து ஆங்கிலப் பண்ணை ஒன்றை நிறுவ முயன்றார். முதல் உருளைக்கிழங்கைப் புழுக்கள் தின்றன, மாடுகள் மடிந்தன. 1855இல் அவர் தாய்நாடு திரும்பினார். மரக்கறிகள் தங்கிவிட்டன. கரட், கோவா, பீட்ரூட், லீக்ஸ் என்று இன்று கொழும்புச் சந்தைக்கு இறங்கும் லொறிகள், 1,800 மீற்றருக்கு மேற்பட்ட இந்தக் குளிரின் விளைச்சலையே சுமந்து செல்கின்றன.

அதே காலத்தில் இன்னொரு ஜனமும் இம்மலைகளில் ஏறியது. கோப்பிக்காகவும், கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலைக்காகவும், தமிழகத்திலிருந்து நடந்து வந்த நம் பாட்டன் பாட்டிமார். நிலம் கம்பனியுடையது, லயம் கம்பனியுடையது, லயத்தின் பின்புறத்துப் பாத்தியும் அவர்களுடையதல்ல. அதில்தான் அவர்கள் விதைத்தார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று எண்ணிக்கை வகுத்தது. போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில், மீண்டும் ஒரு குளிரில், மீண்டும் ஒரு தேயிலைச் சரிவில் குடியமர்த்தப்பட்டார்கள். நம் சபையில் அவர்களுடைய சகோதரரும் சகோதரிகளும் இருக்கிறீர்கள். எண்ணாகமம் 20ஐ வாசிக்கும்போது விதைப்புக்கு இடமில்லை என்ற அந்தக் குரலை நான் முறுமுறுப்பு என்று அழைக்கத் தயங்குவதன் காரணம் உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும்.

அண்மை ஆண்டுகளில் சில தோட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலமும் அதில் 550 சதுர அடி வீடும் கொடுக்கப்பட்டன. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு, வாசல், கழிவறைக் குழி, சரிவுக்குக் கட்டிய கல் அணை எல்லாம் போக, ஒரு மீற்றர் அகலமும் மூன்று மீற்றர் நீளமுமான ஒரு பாத்திக்கு அங்கே தாராளமாக இடம் இருக்கும். நாற்றுக்கு நாற்று ஒரு கையகலம், வரிசைக்கு வரிசை ஓர் அடி என்று கணக்கிட்டால், மூன்று வரிசையில் 60 லீக்ஸ் நிற்கும்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்